குரல் நடுங்காத மதியச் செய்தி

1

எனக்கு விருது கிடைத்ததைப் பற்றி நம் பக்கத்துச் செய்தித் தளம் ஒன்றில் நாலு வரி வந்திருக்கிறது என்று அண்ணி போனில் சொன்னாள். கடத்தூர் அருகே பிறந்த பெண்ணுக்குக் கனடாவில் இதழியல் விருது என்று தலைப்பு. என் பெயரைத் தப்பாகப் பிரகாஷி என்று போட்டிருந்தார்கள். போகட்டும், மேடையில் விருதைக் கையில் கொடுத்தவர் ப்ரொகேசி என்றுதான் கூப்பிட்டார். அரசாங்கக் காகிதங்களில் நான் மிஸஸ் சவரிமுத்து. இனிஷியலாக இருந்த அப்பா பெயர் விமானத்தை விட்டு இறங்கியதும் குடும்பப் பெயராகிவிட்டது. நான் பள்ளிக்கூடம் சேரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட அந்த மனுஷரை, இந்த வின்னிபெக் நகரத்தில் வங்கிக்காரரும் பல் டாக்டரும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் லூசி வந்திருந்தாள். விருது கொடுத்தவர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் போட என் தொழில் பாதையை எழுதிக் கேட்டிருந்தார்கள். எங்கே ஆரம்பித்தேன், வானொலியிலிருந்து இணையத்துக்கு எப்படி வந்தேன் என்றெல்லாம். லூசிதான் எழுதித் தருவதாகச் சொல்லி மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். அண்ணி சொன்ன அந்த நாலு வரியைத் தேடி எடுத்து, தமிழ் படிக்கத் தெரியாததால் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தாள். அதற்குக் கீழே இன்னொரு செய்தி இருந்திருக்கிறது.

"அம்மா, தொப்பூர்னா மாமா ஊரா?"

"ஊர் இல்லை. மலைப்பாதை. சேலம் போற வழி. ஏன்?"

"அங்க மூணு பேரை யாரோ சாக்ரிஃபைஸ் பண்ணிட்டாங்களாம்." சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பிக் காட்டினாள். தொப்பூர் அருகே லாரி மோதி மூவர் பலி என்று தமிழில் இருந்தது. பலி என்பதை இயந்திரம் காவு கொடுத்ததாக எடுத்துக்கொண்டுவிட்டது. "யாரு குடுத்தா? யாருக்குக் குடுத்தா?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், அதில் அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் இதே கேள்வியைச் சிரிக்காமல் ஒருத்தி என்னிடம் கேட்டிருக்கிறாள். நான் எழுந்து போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

தொழில் பாதையைக் கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. கிராமத்துப் பெண், அண்ணனின் ஊக்கம், வானொலி, கனடா, விருது. கை தட்டுவார்கள். பாதை உண்மையில் எங்கே திரும்பியது என்று அதில் இருக்காது. அதை ஊர்க்காரர்களாகிய உங்களுக்குத்தான் சொல்ல முடியும். தொப்பூர் இறக்கத்தில் ஒருமுறையாவது பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு சாமியை வேண்டியவர்கள் நீங்கள்.

2

எண்பதுகளின் தொடக்கம். என் அண்ணன் அருளப்பன் லாரி ஓட்டினான். புளி, மாங்காய், தக்காளி, எது கிடைக்கிறதோ அந்த லோடு. எங்கள் ஊரில் பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால் கன்னியாஸ்திரி ஆகப்போகிறாளா என்று கேட்பார்கள். அண்ணன், "இல்லீங்க, கலெக்டரம்மா ஆவப்போவுது, லைசென்ஸ் எல்லாம் சரியா வச்சுக்கங்க" என்பான்.

வானொலி நிலையத்தில் செய்தி வாசிக்கத் தற்காலிக ஆட்கள் எடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்து வந்தவனும் அவன்தான். குரல் தேர்வுக்கு என்னைத் தன் லாரியிலேயே சேலம் வரை கூட்டிப்போனான். வழி நெடுக, முன்னால் போகும் வண்டிகளின் பின்பலகையில் எழுதியிருந்ததை எல்லாம் உரக்க வாசிக்கச் சொன்னான். "இஞ்சின் சத்தத்துக்கு மேல எனக்குக் கேக்கணும் பாப்பா. அங்க மைக் வேற இருக்கும், உனக்கு என்னா கவலை?" ஒலி எழுப்பவும், தொடாதே, மறுபடி சந்திப்போம். இவைதான் நான் வாசித்த முதல் செய்திகள்.

தேர்வில் தாளைக் கொடுத்தபோது நன்றாக வாசித்தேன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும், "எங்க வூடு கடத்தூருக்குப் பக்கத்துலங்க" என்றேன். எதிரே இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். மூத்த வாசிப்பாளர் அம்மா ஒருவர் ஆறு வாரம் என்னைப் பழக்கினார். வூடு போயிற்று, கொரல் போயிற்று, அளுவறது போயிற்று. எல்லாவற்றையும்விட அவர் அழுத்திச் சொன்னது ஒன்று. "பிரதமர் செத்தாலும் வெங்காயம் விலை ஏறினாலும் ஒரே குரல். செய்தியில் நீ இருக்கக் கூடாது."

ஊருக்குப் போனபோது அண்ணனிடம் வீடு என்று சொல்லிவிட்டேன். அவன் விடவில்லை. "வீடுன்னா அது வாடகைக்கு விட்டது. வூடுன்னாத்தான் நம்பளுது."

அவனுக்கு என் குரலில் அப்படி ஒரு பெருமை. தொப்பூரில் அவன் வழக்கமாகச் சாப்பிடும் பரோட்டாக் கடையில், செய்தி நேரம் வந்தால் சால்னாவைப் பாதியில் விட்டு எழுந்து ரேடியோவில் சத்தம் வைப்பானாம். "எந் தங்கச்சி வருது, யாரும் பேசாதீங்க." கடை முழுக்க டிரைவர்களும் கிளீனர்களும் என் வாயிலிருந்து அணை நீர்மட்டம் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் அம்மா அப்படி இல்லை. செய்தி அவளுக்கு அக்கறையே கிடையாது. "சளி புடிச்சிருக்கா, சாப்ட்டாளா, அதான் கேட்டேன். மத்ததெல்லாம் யாருக்கு வேணும்?" என்பாள். என் குரலில் நான் இல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அம்மா அதில் என்னைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம்தான் அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று. அண்ணி பெயர் புஷ்பமேரி. அரூர் பக்கம்.

3

மதியச் செய்தி. ஐந்து நிமிஷம். தாள்கள் என் கைக்கு வரும்போதே மணி நெருங்கிவிட்டது. நான்காவது செய்தி இது: தர்மபுரி மாவட்டம் தொப்பூர் மலைப்பாதையில் இன்று அதிகாலை லாரி கவிழ்ந்த விபத்தில் நான்கு பேர் பலியானார்கள்.

தொப்பூர் என்ற சொல் கண்ணில் பட்டதும் அண்ணன்தான் நினைவுக்கு வந்தான். பொய் சொல்வானேன். ஆனால் அண்ணன் பெங்களூர் போயிருப்பதாகத்தான் எனக்குத் தெரியும். திரும்பும்போது அவசரமாகச் சேலத்துக்கு ஒரு லோடு கிடைத்து இறக்கத்தில் இறங்கினான் என்பது தெரியாது. தொப்பூரில் லாரி கவிழ்வது நான் அடிக்கடி வாசிக்கும் செய்தி. அந்த நினைப்பு குரலுக்கு வரவில்லை. அப்படி வரக் கூடாது என்றுதானே பழக்கியிருந்தார்கள். ஐந்தாவது செய்திக்குப் போனேன்.

எங்கள் வீட்டில் அந்த நேரம் நடந்ததை அண்ணி எனக்குப் பிறகு சொன்னாள். அம்மா காட்டிலிருந்து வந்து கை கால் கழுவி ரேடியோப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் சேலம் லோடு ஏற்றிய விஷயம் கடத்தூர் புளி மண்டிக்கு வந்த போனில் இவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் தொப்பூர் என்றதும் அண்ணி கையிலிருந்த சட்டியை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"உக்காரு புள்ள," என்றிருக்கிறாள் அம்மா. "ரேடியோக்காரங்களுக்குத் தெரியாததா? நம்மாளா இருந்தா பாப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அவ கொரல் ஆடிருக்கும். அவளால மறைக்க முடியாது, நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா? யாரோ பாவம். நம்மூட்ல ஒண்ணுமில்ல. சோத்தப் போடு."

அண்ணி போட்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். களியும் அவரைக்காய்க் குழம்பும். செத்தவர்களுக்காக அம்மா ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்துத் தூங்கியும் விட்டாள். சாயங்காலம் பங்குச் சாமியாரும் லாரி முதலாளியும் சேர்ந்து வந்து வாசலில் நின்றார்கள்.

"அன்னைக்கு நான் வயிறு நெறைய சாப்ட்டேன் பாப்பா," என்று அண்ணி பிறகு என்னிடம் சொன்னாள். "ரெண்டாந்தரம் கூடப் போட்டுக்கிட்டேன். அதத்தான் என்னால மறக்க முடியல."

4

அடக்கம் முடிந்த மறுநாள் அம்மா என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னாள். அழுது முடித்த முகம். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அதோடு முடிந்திருக்கும்.

"நாலு பேரு பலியானாங்கன்னு படிச்ச இல்ல?"

"ஆமாம்மா. அப்படித்தான் எழுதிக் குடுத்தாங்க."

"பலின்னா என்னான்னு உனக்குத் தெரியும். கோயில்ல பூசையத் திருப்பலின்னு தான இப்ப சொல்றாங்க. பலின்னா குடுக்கறவரு ஒருத்தரு இருக்கணும். வாங்கிக்கறவரு ஒருத்தரு இருக்கணும். எம்புள்ளைய யாரு குடுத்தா? நான் குடுக்கலியே. யாருக்கிட்டக் குடுத்தாங்க? எதுக்கு?"

பத்திரிகையில் அப்படி எழுதுவது வழக்கம் என்று பெற்றவளிடம் சொல்ல முடியுமா?

"அவன் பேரு அருளப்பன்னு ஒரு வார்த்த சொல்லல நீ. நாலு பேருன்ன. ஆடு மாட்ட எண்ணிச் சொல்றவங்ககூட யாருதுன்னு சேத்துச் சொல்லுவாங்க." அப்புறம் என் கன்னத்தைத் தொட்டாள். "உனக்குத் தெரியாது கண்ணு. உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது. அதான்."

அன்றோடு வானொலியைத் துணி சுற்றிப் பரண் மேல் போட்டுவிட்டாள். என்னை வேலையை விடச் சொல்லவில்லை. ஊருக்குப் போனால் ஆசையாகத்தான் சோறு போட்டாள். ஆனால் அதன் பிறகு நான் வாசித்த எதையும் அம்மா கேட்கவில்லை. ஒரு வரிகூட.

5

வேலைக்குத் திரும்பியதும் விபத்துச் செய்தி வந்தால் பெயர் கேட்கத் தொடங்கினேன். "பேர் இல்லாமல் வாசிக்க மாட்டேன் சார்." செய்தி ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு நானே டிரங்க் கால் போட்டு, லைன் கிடைக்காமல், செய்தி நேரம் போய், மெமோ வாங்கியிருக்கிறேன். 'பேர் கேக்கற அம்மா' என்றே கட்டடத்தில் பெயர். பலி என்று எழுதியிருந்தால் நானே இறந்தார்கள் என்று மாற்றி வாசிப்பேன்.

எண்பதுகளின் முடிவில் கல்யாணம் ஆகி, கணவரின் வேலையோடு வின்னிபெக் வந்தேன். முதலில் ஒரு சமூக வானொலியில் வாரம் ஒரு மணி நேரத் தமிழ் நிகழ்ச்சி. பிறகு ஆங்கிலச் செய்தி அறையில் ஓரமாக ஒரு நாற்காலி. முதல் மாதம் பக்கத்து வீட்டுக்காரர் எக்ஸ்பயர் ஆகிவிட்டார் என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் அதைவிட மரியாதையான ஆங்கிலம் உண்டா? இங்கே பால்தான் எக்ஸ்பயர் ஆகுமாம். செய்தி அறையே சிரித்தது. மனிதர்கள் இங்கே விபத்தில் கில்டு, அதாவது கொல்லப்படுகிறார்கள். நான் இங்கேயும் பெயர் கேட்டேன். செத்தவர்களின் வீட்டைத் தேடிப் போனேன். வானொலி சுருங்கி எல்லாம் இணையத்துக்குப் போனபோது எனக்கு அது ஒருவகையில் வசதி, ஐந்து நிமிஷத்துக்குள் அடக்க வேண்டியதில்லை. பனிச் சாலைகளில் செத்துப்போன, 'ஒரு ஓட்டுநர்' என்று மட்டும் செய்தியில் வந்த, வேறு தேசங்களிலிருந்து வந்த லாரிக்காரர்களைப் பற்றித் தொடராகப் பதிவு செய்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் ஒருத்தர் பெயர்தான் தலைப்பு. அதற்குத்தான் விருது. பெயர்களைச் சரிபார்ப்பதில் அபூர்வமான கண்டிப்பு என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். அது என் அம்மாவின் கண்டிப்பு என்று அவர்களுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அம்மாவிடம் போனில் பேசுவது ஒரு தனிப் பாடு. கடத்தூர் பூத்துக்கு வந்து காத்திருப்பாள். "நல்லா இருக்கேம்மா" என்றால் நம்ப மாட்டாள்.

"நீ சொல்லாத. உன் கொரலு எப்பவும் நல்லாத்தான் இருக்கும். புள்ளையக் குடு."

லூசிக்கு அப்போது நாலு வயது. எனக்கு ஒரு ஆபரேஷன் ஆகி, அதை மறைத்து, தெளிவாகப் பேசிவிட்டுப் போனைக் கொடுத்தேன். அவள், "ஆயா, அம்மா டம்மி கட் பண்ணி தைச்சாங்க" என்றாள். டம்மி என்றால் வயிறு என்று எதிர்ப்பக்கம் அம்மா புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு என்னைக் கேட்டு வாங்கி, "பாத்தியா?" என்றாள், அவ்வளவுதான். லூசி வளர வளரத் தமிழ் குறைந்தது. கடைசியில் போனில் ஆயாவிடம் சொல்ல ஹலோ ஆயா, லவ் யூ ஆயா என்ற இரண்டுதான் மிச்சம். அந்த இரண்டுக்காகவும் அம்மா காத்திருந்தாள். நான் வேண்டுமென்றே வூடு, கொரல் என்று பழைய மாதிரி பேசிப் பார்த்தேன். "நடிக்காத பாப்பா," என்றுவிட்டாள்.

கூட்டிவந்து வைத்துக்கொண்டால் முகத்தைப் பார்த்தாவது நம்புவாள் என்று நினைத்தேன். பிறந்த சான்றிதழ் இல்லை, ஞானஸ்நானப் பதிவின் நகல் வாங்கினோம். எல்லாம் சேர்த்து விசா நேர்காணல் வரை போயிற்று. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறார்கள். ரெண்டு என்றிருக்கிறாள். நான் உயிரோடு இருக்கும் ஒருத்தியை மட்டும் எழுதியிருந்தேன். மகன் எங்கே என்று கேட்டதற்கு, "தொப்பூர்ல" என்றிருக்கிறாள். விவரங்கள் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நான் பொய் சொல்லலியே," என்றாள் அம்மா. "ரெண்டுதான?"

மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றால் வேண்டாம் என்றுவிட்டாள். அண்ணிதான் அவளைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். மறுகல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி அம்மாவே எத்தனையோ முறை மன்றாடியும் அண்ணி அந்த வீட்டைவிட்டு நகரவில்லை. அந்த லாரி ஓட்டுநர் தொடர் வெளிவந்தபோது அண்ணிக்கு இணைப்பை அனுப்பி, அம்மாவுக்கு ஒரே ஒரு பகுதி போட்டுக்காட்டச் சொன்னேன். ஆங்கிலம்தான், புரியாது. பெயர்களை நான் சொல்வதையாவது கேட்கட்டும் என்று இருந்தது. அதற்காகத்தான் இத்தனை வருஷமும் உழைத்தேனோ என்றுகூட இருந்தது.

"வேணாங்குது அத்தை," என்றாள் அண்ணி. "அவ பேசட்டும், கேக்கறேன். படிக்க வேணாம்னு சொல்லுங்குது."

6

அம்மா இந்தக் குளிர்காலத்தில் போய்விட்டாள். நான் விமானத்தில் இருந்தபோது. பெங்களூரில் இறங்கிக் கிருஷ்ணகிரி வழியாக வீடு வந்து சேர்ந்தபோது முகத்தை மட்டும் பார்க்க முடிந்தது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு போன் வந்தது. லூசியோடு கடைக்குப் போயிருந்தேன். சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அண்ணி கூப்பிட்டாள்.

"அத்தைக்கு நாளு கெழம எதுவும் தெரியல பாப்பா. டாக்டர் கைய விரிச்சுட்டாரு. காதுல வெக்கறேன், பேசு."

மூச்சுச் சத்தம் கேட்டது. நான், "அம்மா" என்றேன். அடுத்த சொல் வரவில்லை. இத்தனை வருஷம் சொன்னபடி கேட்ட குரல், அந்தக் கார் நிறுத்துமிடத்தில், சாமான் வண்டிகள் கடகடவென்று போய் வந்துகொண்டிருக்க, உடைந்துபோயிற்று. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. லூசி பையைக் கீழே வைத்துவிட்டு என் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுது அவள் பார்த்ததில்லை.

அம்மாவின் மூச்சு மாறியது. எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, பழைய அதிகாரத்தோடு கேட்டாள்.

"யாரு பாப்பா? கொரலு ஆடுதே. யாரு போய்ட்டா? சொல்லு."

அண்ணி அந்தப் பக்கம் விசும்புவது கேட்டது.

நான் சொன்னேன். "அண்ணன்மா. நம்ம அருளப்பன். தொப்பூர்ல, லாரி கவுந்து. நம்ம அருளும்மா."

பிறகு அம்மா மெதுவாக, "அப்டியா," என்றாள். "நீ சொல்லுவேன்னுதான் கண்ணு இருந்தேன்."